எல்லாரும் அசுவினி

2003 கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நட்சத்திரத்தில் பிறந்தவர்கள் என்று எங்கள் கடையின் புதுக் கணினி முடிவு செய்தது. அதை எங்களிடம் சொல்லவில்லை. காலை முழுவதும் பேசாமல் கல்யாணங்களைக் கலைத்துக்கொண்டிருந்தது.

கடை ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். செல்வரத்தினம் சேருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனுக்கு மாற்றலாகி வந்து கணிதம் படிப்பித்தவர், அதனால் எல்லாருக்கும் 'சேர்'. ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. தொலைபேசி, ஃபோட்டோகொப்பி, கணினி வகுப்பு, இவற்றோடு கல்யாணப் பொருத்தமும் பார்த்தோம். பொருத்தம் பார்க்கும் நிரலை எழுதியவன் நான். பெயர் தயாபரன். பிறந்தது நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். கண்டியில் கணினி படித்தேன். பிரியந்தியைக் கட்டினேன். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் காய்ச்சலில் போனாள். அதன்பிறகு நிறைய நிரல் எழுதினேன்.

அந்த வாரம் பிரியந்தியின் தங்கை பூரணி கடைக்கு வந்தாள். தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. நாள் முழுவதும் அழுகைச் சத்தத்தில் இருப்பதால் எதையும் உரக்கத்தான் சொல்வாள்.

"மச்சான், அப்பா சனிக்கெழம வர்றாரு. அழகன் வீட்டு ஆளுங்களும் வர்றாங்க. ஒங்க மெசினு சரின்னு சொன்னாத்தான் கல்யாணமாம். இல்லன்னா இல்லையாம்."

அழகன் வட்டவளைப் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிறவன். அவர்கள் விஷயம் பஸ் நடத்துநர் வரை தெரியும்.

"மாமாவுக்கு அழகன புடிக்கலையா?"

"புடிச்சிருக்கு. அதான் வம்பே. ஒங்களயுந்தான் புடிச்சிருந்துச்சு. அக்காவுக்குப் பொருத்தம் பாக்காமக் குடுத்தேன், அதான் போயிட்டான்னு தெனமும் சொல்றாரு. ஒங்ககிட்ட சொல்ல மாட்டாரு. எங்ககிட்ட சொல்லுவாரு."

என்னிடம் அவர் சொல்லாதது உண்மைதான். வந்தால் தேநீர் குடிப்பார். மழையைப் பற்றிப் பேசுவார். போய்விடுவார்.

"மெசினு இல்லன்னு சொல்லிருச்சுன்னா, மச்சான், நான் அந்த மெசின ஒடச்சிட்டு ஒங்க சேரயும் ரெண்டு சாத்து சாத்திட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டு பூரணி பஸ் ஏறினாள்.

*

பொருத்தம் பார்க்க வருகிறவர்களில் இரண்டு வகை. முதல் வகை ஜாதகத்தோடு வரும்: டீச்சர்மார், அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர், நகரத்துக் கடைக்காரர். பிறந்த நேரம் நிமிஷம் பிசகாமல் எழுதியிருக்கும். இரண்டாவது வகை தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் லயத்து ஆட்கள். பிறந்த நேரம் கேட்டால், "காலப் பெரட்டுக்கு ஆளு போனப் பொறகு, மழ விடுறதுக்கு முந்தி" என்பார்கள். பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது. அவர்களுக்குப் பெயர் மட்டும்தான். பெயரின் முதல் எழுத்தை வைத்து நட்சத்திரம் பிடிப்பது எங்கள் வழக்கம்.

சி பிளஸ் பிளஸ் மொழியில் டெம்ப்ளேட் என்று ஒன்று உண்டு. வேலையை ஒரே ஒரு முறை பொது விதியாக எழுதி வைத்துவிடலாம். எந்த வகை ஆளைக் கொடுத்தாலும் கணினி அந்த வகைக்கு ஒரு பிரதி தயாரித்துக்கொள்ளும். என் பொது விதி இதுதான்: ஆள் பிறந்தபோது சந்திரன் நின்ற பாகையை எடு, நட்சத்திரம் சொல். பொது விதி சரிப்படாத வகைக்கு மட்டும் தனியாக ஒரு விசேஷ விதி எழுதலாம். பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு அப்படி எழுதினேன்: பாகையைப் பார்க்காதே, முதல் எழுத்தைப் பார். ஒரு வருஷமாகப் பழைய கணினியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

தையில் கல்யாணம் வைப்பவர்கள் கார்த்திகையில் மொய்ப்பார்கள் என்று சேர் இன்னொரு கணினி வாங்கினார். வெள்ளிக்கிழமை அதில் நிரலைப் போட்டு அங்கேயே கம்பைல் செய்தேன், அதாவது எழுதியதைக் கணினியின் மொழிக்கு மாற்றினேன். ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு, எச்சரிக்கை வராவிட்டால் சந்தோஷப்படாதே என்று சொல்கிறவன் நான். சந்தோஷப்பட்டேன்.

பழைய கணினி வலப்பக்கம், என்னிடம். புதியது இடப்பக்கம், சேரிடம். அவர் ஒற்றை விரலால் தட்டுவார். ஒவ்வோர் எழுத்துக்கும் பிறகு கண்ணாடியை ஏற்றித் திரையைச் சரிபார்ப்பார்.

சனிக்கிழமை முதல் சோடிக்கு அவருடைய திரையில் வந்தது: ரச்சு தட்டுகிறது, பொருத்தம் இல்லை.

ரச்சு தாலிப் பொருத்தம். மற்ற ஒன்பதும் இருந்து அது ஒன்று இல்லாவிட்டால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் போனார்கள். அடுத்த சோடிக்கும் ரச்சு தட்டியது. அதற்கடுத்ததற்கும் தட்டியது. வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மழைத் தண்ணீர் ஒதுங்குவதுபோல் வரிசை முழுவதும் என் பக்கம் ஒதுங்கியது.

"தம்பி, ஏன் எல்லாச் சனமும் உங்கட பக்கம் வருது?" என்றார் சேர்.

"ஒங்க மெசினு யாரையும் சேத்து வைக்க மாட்டேங்குதாம் சேர்."

"மெசின் என்ன செய்யும்? அதுகளின்ர நட்சத்திரம் அப்பிடி." கொஞ்ச நேரம் யோசித்தார். தாடையைச் சொறிந்தார். "உது தெற்கைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கு."

முப்பது வருஷம் கேத்திரகணிதம் படிப்பித்தவர். நிறுவாமல் எதையும் ஏற்கக் கூடாது என்று கரும்பலகையில் எழுதியவர். நாங்கள் இரண்டு பேரும் மேசையைத் தூக்கிக் கிழக்கே திருப்பினோம். வயர் எட்டவில்லை. இழுத்ததில் ஃபோட்டோகொப்பி இயந்திரம் அணைந்தது. திருப்பி முடித்தபோது சேர் ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த சோடி. ரச்சு தட்டுகிறது.

வரிசையில் நின்ற ஒரு பெண் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து, "திஷ்டியா இருக்கும் சாமி" என்று திரைமேல் வைத்தாள். பழம் உருண்டு விசைப்பலகையில் விழுந்தது. திரை முழுவதும் ஒரே எழுத்து ஓடியது.

"பாருங்க, இப்பத்தான் பேசுது!" என்றது ஒரு குரல்.

அடுத்து ஒரு டீச்சரம்மா வந்தார். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை. மகளுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு ஜாதகம் வைத்திருந்தார். சேர் தட்டினார். உத்தமம்.

"பாத்தீரோ!" சேர் நாற்காலியோடு திரும்பினார். "கிழக்கு!"

அந்த நேரத்தில்தான் என் மாமனார் மூக்கன் உள்ளே வந்தார். தலையில் மஃப்ளர், கையில் குடை, பின்னால் பூரணி. உத்தமம் என்ற சொல் காதில் விழுந்ததும் நேராகச் சேரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அழகனும் அவன் அம்மா பேச்சியம்மாவும் முன்னமே வந்து என் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மா பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் தட்டிக்கொண்டிருந்தேன். மாமா அதே இரண்டு பெயரைச் சேரிடம் சொன்னதைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் இரண்டு திரையிலும் பதில் வந்துவிட்டது.

"மத்திமம்" என்றேன் நான்.

"ரச்சு தட்டுது. பொருத்தம் இல்லை" என்றார் சேர்.

*

 

"என்னாங்க இது?" பேச்சியம்மா எழுந்தார். "ஒரே கட, ஒரே பேரு, ஒரே புள்ளைங்க. அங்குட்டு இல்லங்குது, இங்குட்டு மத்திமங்குது?"

"மத்திமம்னா என்னா?" என்றார் மாமா.

"நடுவுல. வண்டி ஓடும். ஏத்தத்துல கொஞ்சம் மொனகும்" என்றான் அழகன்.

"நீ வாய மூடுறா" என்றார் பேச்சியம்மா.

பூரணி சேரின் மேசையைச் சுற்றி வந்து திரையை முறைத்தாள். "இதத்தான் ஒடைக்கணும்."

"பிள்ளை, பொறும், பொறும்!" சேர் இரண்டு கையாலும் கணினியை அணைத்துக்கொண்டார். "உது இன்னும் ஒரு கிழமைகூட ஆகேல்லை!"

மாமா எழுந்து நின்றார். குடையால் டீச்சரம்மாவைக் காட்டினார். மரியாதையாகத்தான் காட்டினார். "இந்தம்மாவுக்கு உத்தமம். காலையில இருந்து நம்ம ஆளுங்க யாருக்காச்சும் இந்தப் பக்கத்துல பொருத்தம்னு வந்துச்சா? கேட்டுப் பாருங்க."

வரிசை கேட்டுப் பார்த்துக்கொண்டது. யாருக்கும் வரவில்லை.

"அப்ப இந்த மெசினு யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு மட்டும் சேத்து வைக்கிது. தோட்டத்து ஆளுன்னா தட்டி விடுது!"

"ஐயோ!" செல்வரத்தினம் சேரின் முகம் வெளுத்தது. "மூக்கன் ஐயா, என்ன கதை கதைக்கிறியள்? உது தாய்வானில செய்தது!"

"தாய்வான்காரனுக்கும் நாங்கன்னா எளக்காரமா?" என்றது பின் வரிசை.

பக்கத்து பேக்கரி முதலாளி பாண் தட்டோடு எட்டிப் பார்த்தார். "மொக்கத மாத்தயா சத்தம்?" யாரோ அவருக்குச் சிங்களத்தில் விளக்கினார்கள். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார்.

மாமா சொன்னது என் மண்டையில் நின்றது. அது சரியாக இருந்தது. டீச்சரம்மாவிடம் ஜாதகம் இருந்தது. மற்ற யாரிடமும் இல்லை.

சேரை எழுப்பிவிட்டு இடப்பக்கத்தில் உட்கார்ந்தேன். முடிவை மட்டும் காட்டாமல் நட்சத்திரத்தையும் காட்டச் சொன்னேன்.

"பூரணி" என்று தட்டினேன். அசுவினி.

"அழகன்." அசுவினி.

"எம் பேரத் தட்டுங்க" என்றார் பேச்சியம்மா. அசுவினி.

"எனக்கு?" என்றாள் எலுமிச்சம்பழக்காரி. அசுவினி.

"மகே எக்கத் பலன்ட" என்றார் பேக்கரி முதலாளி. அவர் பெயரையும் தட்டினேன். அசுவினி.

கடை முழுவதும் கை தூக்கியது. வாசலில் குடை பிடித்து நின்றவர்கள் பெயரைக் கத்தினார்கள். கத்தியவர் எல்லாம் அசுவினி. ஒவ்வொரு தடவையும் கூட்டம் ஆர்ப்பரித்தது. பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த நடத்துநர் அசுவினி. முனையில் நிற்கும் பொலிஸ்காரர் பெயரைத் தட்டச் சொன்னார்கள், அவரும் அசுவினி. இனி அவர் பிடித்தால் ஒரே நட்சத்திரம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றான் அழகன்.

"இதென்னாடி, லயம் முழுக்க ஒரே காம்பராவுல போட்ட மாதிரி!" என்றார் பேச்சியம்மா. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க மேசையைப் பிடித்தார்.

எனக்கு விளங்கத் தொடங்கியது. பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சந்திரனின் பாகையை யாரும் நிரப்புவதில்லை. நிரப்பாத இடத்தில் பூச்சியம் இருக்கும். பூச்சியம் பாகை மேஷத்தின் ஆரம்பம். அங்கே நிற்பது அசுவினி. பெண்ணும் அசுவினி, ஆணும் அசுவினி என்றால் ரச்சு தட்டாமல் என்ன செய்யும்? அப்படியானால் இந்தக் கணினி முதல் எழுத்தைப் பார்க்கவே இல்லை. என் விசேஷ விதி இதில் நடக்கவில்லை. பொது விதியே எல்லாரையும் ஆண்டுகொண்டிருந்தது.

சேருக்கும் கணிதம் திரும்பியது. "ஒப்பிட்டுப் பாக்கவேணும். இரண்டு பக்கமும் ஒரே பேர்." வலப்பக்கக் கணினியில் போய் உட்கார்ந்து கண்ணில் பட்ட இரண்டு பேரைத் தட்டினார். வகுப்பில் விடை வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"ஆண் மூக்கன், நட்சத்திரம் மகம். பெண் பேச்சியம்மா, நட்சத்திரம் சித்திரை. பொருத்தம் உத்தமம். பத்துக்கு எட்டு!"

சிரிப்பில் கடை இடிந்தது.

"பொண்ணு கேக்க வந்த எடத்துல என்னயவே கேக்குறாரா?" பேச்சியம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். "எம் புருசன் வட்டவளையில உசுரோட இருக்காருய்யா!"

"நான் என்னாத்த கேட்டேன்! மெசினுதான் சொல்லுது!" மாமா குடையை விரித்து அதன் பின்னால் ஒளிந்தார்.

"எட்டுப் பொருத்தம் இருக்கேப்பா. விட்டுறாதீங்க" என்றாள் பூரணி. அவள் சிரித்துச் சிரித்து அழகனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பார்ப்பார் என்பதை மறந்துவிட்டாள்.

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்மா" என்றான் அழகன் அம்மாவிடம். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

நான் சிரித்தேனா என்று நினைவில்லை. கன்னம் வலித்தது. சிரித்திருப்பேன்.

*

பிழையைத் தேட அதிக நேரம் ஆகவில்லை. நிரல் இரண்டு கோப்பில் இருந்தது. ஒன்று பெயர் வாங்குகிறது, மற்றது பொருத்தம் கணிக்கிறது. பெயர்க் கோப்புக்கு விசேஷ விதி தெரியும். பொருத்தக் கோப்பின் தலையில் அந்த விதியைச் சேர்க்கும் வரி இல்லை. தனக்குத் தெரியாத விதியை அது எப்படிப் பாவிக்கும்? பொது விதியிலிருந்தே பெயர்க்காரர்களுக்கும் ஒரு பிரதி தயாரித்துக்கொண்டது. இப்போது ஒரே பெயரில் இரண்டு பிரதி. இரண்டு கோப்பையும் இணைக்கும்போது, முதலில் கைக்கு வந்த பிரதியை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுவது கணினியின் வழக்கம். எதை எறிந்தேன் என்று சொல்லாது. பழைய கணினியில் பெயர்க் கோப்பு முந்தியிருந்தது. புதியதில் பொருத்தக் கோப்பு முந்திவிட்டது. வேறொன்றும் இல்லை. ஒரு வருஷம் சரியாக ஓடியது என் கெட்டித்தனத்தால் அல்ல, கோப்புகள் நின்ற வரிசையால்.

மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "என்னா மாப்ள கோளாறு?"

சொன்னேன். கோப்பு என்று சொல்லாமல் கந்தோர் என்று சொன்னேன். ஒரு கந்தோருக்குத் தனி விதி தெரியும், மற்றதற்குத் தெரியாது.

அவர் யோசித்தார். "அதாவது நம்ம ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு சட்டம் எழுதி வச்சிருக்க."

"ஆமா மாமா."

"ஆனா அது போய்ச் சேர வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேரல. அதுனால ஊருக்கெல்லாம் உள்ள சட்டத்த எங்க தலையில போட்டுருச்சு."

"ஆமா."

"இத மெசினு பாத்துட்டுச் சும்மாவா இருந்துச்சு?"

"சத்தமே போடல மாமா."

"அப்ப இது கந்தோரேதான்!" தொடையில் அடித்துக்கொண்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கங்கப்பா! கோளாறு ஒண்ணும் புதுசில்ல!"

வரிசை கைதட்டியது. சேரும் தட்டினார். குற்றச்சாட்டு தன்னை விட்டுப் போனதில் அவருக்கு நிம்மதி. எல்லாருக்கும் தேநீர் சொன்னார்.

பூரணி நாற்காலிக்குப் பின்னால் குனிந்தாள். அவளுக்கு இரகசியம் பேச வராது என்றாலும் முயன்றாள். "மச்சான், எழுதுறதுதான் எழுதுறீங்க. எங்க ரெண்டு பேருக்குன்னு தனியா ஒரு சட்டம் எழுதிருங்களேன். பூரணி, அழகன், உத்தமம். முடிஞ்சு போச்சு."

"எழுதலாம்."

"எழுதுங்க!"

"ஒன் மாமியா பின்னால நிக்கிறாங்க."

பேச்சியம்மா தேநீர்க் கோப்பையோடு நின்றார். "எழுதுனா எழுதட்டும் தாயி. அப்புடியே எனக்கும் அந்த மூக்கனுக்கும் உள்ளத அழிச்சிரச் சொல்லு."

அவசரத்தில் விடுபட்ட வரியைப் பொருத்தக் கோப்பின் கடைசியில் சேர்த்தேன். இந்தத் தடவை கணினி கத்தியது. பொது விதியை ஏற்கெனவே பாவித்தாயிற்று, அதற்குப் பிறகு விசேஷ விதி என்று வந்து நிற்கக் கூடாது என்றது. சிவப்பு எழுத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷம் வாய் திறக்காதது இப்போதாவது திட்டியது. வரியை எடுத்துத் தலையில் வைத்தேன். யாரும் பொது விதியைத் தொடுமுன் விசேஷ விதி கண்ணில் பட வேண்டும். இரண்டு கணினியிலும் மறுபடி கம்பைல் செய்தேன்.

"வாங்க" என்றேன்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டினோம், நான் இந்தப் பக்கம், சேர் அந்தப் பக்கம். அவர் முடிக்கும்வரை கூட்டம் மூச்சுவிடவில்லை. பூரணி, அஸ்தம். அழகன், கார்த்திகை. ரச்சு தட்டவில்லை. கணப் பொருத்தம் இல்லை. சில உண்டு, சில இல்லை.

"மத்திமம்" என்றேன்.

"மத்திமம்" என்றார் சேர்.

வரிசை ஆரவாரம் செய்தது. பேச்சியம்மா பூரணியின் தலையைத் தடவினார். அழகன் பேக்கரி முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். இடப்பக்கம் பொருத்தம் இல்லை என்று அனுப்பியவர்களைத் திருப்பிக் கூட்டிவர ஒருவர் பஸ் நிலையத்துக்கு ஓடினார்.

மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"மத்திமந்தானா மாப்ள?"

"மத்திமந்தான்."

"இன்னுங் கொஞ்சம் கூட வராதா?"

"வராது மாமா. இது சரியான கணக்கு."

மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்தார். கடையின் சத்தம் மெல்லக் குறைந்தது.

"மூத்தவளுக்குப் பாக்காம விட்டேன்" என்றார். முதல் முறையாக என்னிடம் சொன்னார். "இவளுக்குப் பாத்துட்டு, மத்திமம்னு தெரிஞ்சே குடுக்கச் சொல்றியா? நாளைக்கு ஒண்ணுன்னா யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?"

அழகன் குலுக்கிக்கொண்டிருந்த கையை விட்டான்.



"ஒன்னயும் பிரியந்தியையும் போட்டுப் பாரு" என்றார் மாமா.

நிரலை எழுதிய இந்த ஒரு வருஷத்தில் நான் அதைச் செய்ததில்லை. சோதித்துப் பார்க்க ஊர்பேர் இல்லாத எத்தனையோ பெயரைப் போட்டிருக்கிறேன். இந்த இரண்டைப் போடவில்லை.

தயாபரன் என்று தட்டினேன். பிரியந்தி என்று தட்டினேன். ஓர் எழுத்துப் பிழைத்தது. அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினேன்.

தயாபரன், சுவாதி. பிரியந்தி, உத்திரம். தினம் உண்டு. கணம் உண்டு. மாகேந்திரம் உண்டு. ரச்சு தட்டவில்லை. கடைசி வரியை மாமாவே வாசித்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

"உத்... த... மம்."

மழை தகரத்தில் விழுந்தது.

"சேர், அந்தப் பக்கத்துலயும் பாருங்க" என்றார் மாமா.

சேர் ஒற்றை விரலால் தட்டினார். இந்தத் தடவை எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கவில்லை. "உத்தமம்தான் ஐயா" என்றார் மெதுவாக.

மாமா என் பக்கம் திரும்பினார். "கல்யாணத்துக்கு முந்தி பாத்திருந்தா? அப்பவும் இதத்தான் சொல்லியிருக்குமா?"

"இதேதான் மாமா. பேரு மாறலியே."

"அப்ப பாத்திருந்தாலும் குடுத்திருப்பேன்."

"குடுத்திருப்பீங்க."

"சந்தோசமால்ல குடுத்திருப்பேன்! இன்னுங் கொஞ்சம் சீக்கிரமாக்கூட குடுத்திருப்பேன்!" மாமாவின் குரல் ஏறியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் உரக்க இருந்தது. பூரணிக்கு அந்தத் தொண்டை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நான் பாக்காததால இல்ல. கேட்டியா மாப்ள? நான் பாக்காததால இல்ல!"

"இல்ல மாமா."

என் கையைப் பிடித்து அழுத்தினார். இரண்டு வருஷமாக மழையைப் பற்றி மட்டும் பேசிய மனிதர். நானும் அழுத்தினேன்.

பிறகு எழுந்தார். மஃப்ளரைத் திரும்பக் கட்டினார். பேச்சியம்மாவின் முன்னால் போய் நிமிர்ந்து நின்றார்.

"மத்திமம் போதும்ங்க. உத்தமத்த ஒருக்கா பாத்துட்டோம்."

பேச்சியம்மா கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு அவரை ஓரக்கண்ணால் பார்த்தார். "எந்த உத்தமத்தச் சொல்றீங்க? நம்ம எட்டுப் பொருத்தத்தையா?"

கடை மறுபடி இடிந்தது. பூரணி அப்பாவைக் கட்டிப்பிடித்தாள், பிறகு பேச்சியம்மாவை, பிறகு குழப்பத்தில் செல்வரத்தினம் சேரை. சேர் மரம்போல் நின்று, "சரி பிள்ளை, சரி, சரி" என்றார். பேக்கரி முதலாளி போய் ஒரு தட்டு கேக் கொண்டுவந்தார். அழகன் சந்தோஷத்தில் அணைந்து கிடந்த ஃபோட்டோகொப்பி இயந்திரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான். இறங்கச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

பஸ் நிலையத்துக்கு ஓடியவர் திரும்பி வந்தார். காலையில் தலை தொங்கிப் போனவர்கள் எல்லாம் அவர் பின்னால் நனைந்துகொண்டு வந்தார்கள். முன்னால் நின்ற பையனும் பெண்ணும் இரண்டு கணினியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அண்ணே, நாங்க எந்தப் பக்கம் போறது?"

"எந்தப் பக்கம்னாலும் சரி" என்றேன். "பேரச் சொல்லுங்க."